வாசித்தால் போதுமா? விளங்க வேண்டாமா?

(செங்கல்பட்டு மாவட்டக் கடலோரக் கிராமங்களின் பெற்றோர்களும் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கோவளத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். மாமல்லபுரத்திலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும், திருக்கழுக்குன்றத்துக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். வலை வேலை, உளி வேலை, வயல் வேலை எல்லாவற்றையும் ஒரு பொழுது நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். எதற்காக? பிள்ளைகளின் படிப்புக்காக. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வாக்கியம் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

"குப்பரன் மட்டலியில் மூன்று சிம்மடிகளைத் தொங்கரித்தான்."

இனி கேள்விகள். தொங்கரித்தவன் யார்? குப்பரன். எங்கே தொங்கரித்தான்? மட்டலியில். எத்தனை சிம்மடிகளை? மூன்று. மூன்று கேள்விக்கும் சரியான விடை. முழு மார்க்கு!

ஆனால், சிம்மடி என்றால் மீனா, மரமா? தொங்கரிப்பது நல்ல காரியமா, கெட்ட காரியமா? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படிப்பட்ட சொற்கள் தமிழிலேயே கிடையாது. இந்த மேடைக்காக இட்டுக்கட்டிய சொற்கள் அவை. அர்த்தமே இல்லாத ஒரு வாக்கியத்துக்கு நாம் முழு மார்க்கு வாங்கிவிட்டோம்!

சிரிக்கிறீர்கள். ஆனால் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் நம் பிள்ளைகளில் பலர் அன்றாடம் செய்வது இதைத்தான். கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடுகிறார்கள். அந்தச் சொல் இருக்கும் வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். "சரி" என்று சிவப்பு மையில் குறி விழுகிறது. பிள்ளை படித்துவிட்டது என்று நாமும் நம்புகிறோம். பாடத்தின் பொருளோ பிள்ளையின் பக்கத்தில்கூட வரவில்லை.

எழுத்துக் கூட்டி வாசிப்பது ஒரு திறமை. வாசித்ததை விளங்கிக்கொள்வது வேறொரு திறமை. முதலாவது வந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்பது தவறான எண்ணம். இதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

கணக்கு என்ன சொல்கிறது?

இது வெறும் அபிப்பிராயமல்ல. பல நாடுகளின் 15 வயது மாணாக்கரைச் சோதிக்கும் 'பீசா' என்ற சர்வதேசத் தேர்வு ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து இரண்டே மாநிலங்கள் கலந்துகொண்டன: தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம். முடிவு 2011 டிசம்பரில் வெளியாயிற்று. வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் வளர்ந்த நாடுகளின் சராசரி 493; தமிழ்நாட்டின் சராசரி 337. குறைந்தபட்சத் தகுதி என்று அவர்கள் வைத்த மட்டத்தை எட்டியவர்கள், நம் மாநிலத்தில் 100க்கு 17 பேர்தான்.

கேள்விகள் நம் நாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று மத்திய சர்க்கார் தரப்பில் சொன்னார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் அடுத்த சுற்றில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. காய்ச்சலைக் காட்டிய கருவியைத் தூக்கி எறிந்துவிட்டால் காய்ச்சல் இறங்கிவிடுமா?

நம் நாட்டுக்குள்ளேயே எடுத்த கணக்கையும் பாருங்கள். 'அசர்' என்ற கிராமப்புறக் கல்வி ஆய்வு, இரண்டாம் வகுப்பு மட்டத்துப் பாடம் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறது. இந்தியக் கிராமங்களின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்தவர்கள் 2018இல் 100க்கு சுமார் 73 பேர். பெருந்தொற்றில் பள்ளிகள் பூட்டிக்கிடந்த பிறகு, 2022இல் அது 69.6 ஆக இறங்கியது. 2024இல் 71.1 ஆக ஏறியது. இது வாய்விட்டு வாசிப்பதைப் பற்றிய கணக்கு மட்டுமே. வாசித்தது விளங்கியதா என்று தனியாகக் கேட்டால் இந்த எண்கள் இன்னும் குறையுமே தவிர, கூடாது.

ஆறாம் வகுப்பில் என்ன நேருகிறது?

ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை பெரும்பாலும் கதையும் பாட்டும் படிக்கிறது. படம் துணை நிற்கிறது. காக்கை, நரி, பாட்டி, வடை எல்லாம் தெரிந்த சரக்கு. ஆறாம் வகுப்பில் நிலைமை மாறுகிறது. வரலாறு, புவியியல், குடிமையியல், அறிவியல் என்று புத்தகங்கள் கனக்கின்றன. அதுவரை வாசிக்கக் கற்ற பிள்ளை, இனி வாசித்துத்தான் கற்க வேண்டும்.

அங்கே சொற்கள் மட்டுமல்ல, வாக்கியத்தின் கட்டும் மாறுகிறது. "ஆயினும்", "எனவே", "அன்றி", "ஒழிய" போன்ற சிறு சொற்கள் வருகின்றன. நம் வீட்டுப் பேச்சில் இவை அபூர்வம். பேசும் தமிழ் ஒன்று, அச்சுத் தமிழ் மற்றொன்று. "ஆயினும்" என்ற சொல் வந்தால் அடுத்து வருவது முன் சொன்னதற்கு மாறாக இருக்கும். "எனவே" வந்தால் முன் சொன்னதன் விளைவு வரும். வலையின் கண்களை முடிச்சு பிடித்து நிறுத்துவதுபோல, பாடத்தின் வரிகளை இந்தச் சொற்கள்தான் பிடித்து நிறுத்துகின்றன. முடிச்சு அவிழ்ந்த வலையில் மீன் நிற்குமா?

இதை வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோமா? அமெரிக்காவில் டொலொரஸ் டர்க்கின் என்ற கல்வியாளர் 1970களின் பிற்பகுதியில் நான்காம் வகுப்புகளில் போய் உட்கார்ந்து, வாசிப்புப் பாடம் நடந்த 4,469 நிமிடங்களைக் கவனித்தார். புரிந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர்கள் கற்பித்தது அதில் சுமார் 20 நிமிடம்! மற்ற நேரமெல்லாம் கேள்வி கேட்பதிலும், பயிற்சித் தாளை நிரப்பச் சொல்வதிலும், விடை சரியா என்று பார்ப்பதிலும் போயிற்று. நீந்தத் தெரியுமா என்று தினமும் பரீட்சை வைத்தார்கள். நீந்தக் கற்றுக்கொடுக்கத்தான் நேரமில்லை. பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி!

பிள்ளைக்கு மூளை இல்லையா?

"எங்க பிள்ளைக்கு மண்டையில ஏறமாட்டேங்குது" என்று சில தாய்மார்கள் சொல்கிறார்கள். அம்மா, அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். அது உண்மையல்ல.

1988இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர், நம் நடுநிலைப் பள்ளி வயதையொத்த 64 மாணாக்கருக்கு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசிப்பில் மட்டம் என்று பெயரெடுத்தவர்களிலும் ஆட்டம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கெட்டிக்காரர்களிலும் ஆட்டம் தெரியாதவர்கள் இருந்தார்கள். நடந்ததைத் திரும்பச் சொல்வதில் யார் ஜெயித்தது? ஆட்டம் தெரிந்த 'மட்டப்' பிள்ளைகள், ஆட்டம் தெரியாத கெட்டிக்காரர்களை முந்திவிட்டார்கள்!

இதன் பொருள் என்ன? தெரிந்த விஷயம் இருந்தால்தான் புதிய விஷயம் அதில் போய் ஒட்டும். நம் கரையோரப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம் குறைவா? மீனவர் வீட்டுப் பையனுக்குக் கொண்டல் காற்று எது, கச்சான் காற்று எது என்று தெரியும். சிற்பியின் பிள்ளைக்குக் கல்லின் ஓட்டம் தெரியும். முதலில் முழு உருவத்தின் அளவைப் போட்டுக்கொண்டு, பிறகுதான் விரலும் நகமும் செதுக்க வேண்டும் என்பது தெரியும். இருளர் குடும்பத்துக் குழந்தைக்கு நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. அவர்கள் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடா வரை அழைக்கப்பட்டார்கள். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள்.

இந்த அறிவெல்லாம் பள்ளிக்கூட வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுகிறது. "உனக்குத் தெரிந்ததைச் சொல்" என்று யாரும் கேட்பதில்லை. காற்றழுத்தம் பற்றிய பாடம் நடக்கும்போது மீனவர் பிள்ளையை எழுப்பி, "புயலுக்கு முன்னால் கடல் எப்படி இருக்கும்?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை அரை வகுப்புக்குப் பாடம் சொல்லும்! அதன் பிறகு புத்தகத்தைத் திறந்தால், வரிகள் அதற்கு அந்நியமாக இருக்காது.

பிரேசில் நாட்டுப் பாவ்லோ ஃப்ரெய்ரி இதைச் செய்து காட்டினார். 1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகள், ஏறத்தாழ 40 மணி நேர வகுப்புகளில் எழுதப் படிக்கக் கற்றார்கள். 'அ' என்றால் அணில் என்று அவர் தொடங்கவில்லை. உழைப்பாளிகளின் வாழ்விலிருந்தே சொற்களை எடுத்தார். செங்கல் என்ற சொல்லும் அவர் கையாண்ட சொற்களில் ஒன்று. அந்தச் சொல்லை வைத்து முதலில் பேச்சு, பிறகு எழுத்து. 1964இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் அடைத்தார்கள், பிறகு நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. பொருள் விளங்கி வாசிக்கும் ஏழையைக் கண்டு யார் பயப்படுகிறார்கள் என்பதற்கு இது ஒரு சான்று.

விளங்காத வாசிப்பின் விலை

நம் மண்ணிலும் இந்தக் கதை புதிதல்ல. 1822இல் சென்னை ராஜதானியின் கவர்னர் தாமஸ் மன்றோ, பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்ததாகத் தெரிந்தது. ஆனால் பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823இல் ஒரு குறையையும் எழுதினார். பிள்ளைகள் செய்யுள்களைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறார்கள், பொருள் தெரியவில்லை என்பதே அது. இருநூறு ஆண்டு ஆயிற்று. திண்ணை போய்க் கட்டடம் வந்தது, ஓலை போய் அச்சுப் புத்தகம் வந்தது. ஒப்பிப்பது மட்டும் போகவில்லை!

இதனால் நஷ்டம் யாருக்கு? செங்கல்பட்டு மக்களுக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். 1891இல் இங்கே கலெக்டராயிருந்த டிரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் அவல நிலையைப் பற்றி விரிவான குறிப்பு எழுதினார். அதன் பலனாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம். குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே ஒழிய மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அதில் நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆயினும் அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. மிரட்டலும் கடனும் வஞ்சகமும் அதற்குக் காரணம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தாங்களே படித்தறிய முடியாத நிலை அந்த வஞ்சகத்துக்கு வசதியாயிற்று. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள்.

"ஒழிய" என்ற ஒரு சிறு சொல்லில் ஒரு குடும்பத்தின் நிலம் அடங்கியிருக்கிறது, நண்பர்களே! நாளை நம் பிள்ளைகள் கடன் பத்திரம் வாசிப்பார்கள். வேலை ஒப்பந்தம், மருந்துச் சீட்டு, புயல் எச்சரிக்கை, நில எடுப்பு நோட்டீஸ் எல்லாம் அவர்கள் கைக்கு வரும். எழுத்து மட்டும் தெரிந்து பொருள் தெரியாதவன், கைநாட்டுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுவான். வித்தியாசம் அவ்வளவுதான்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். வழி என்ன?

1984இல் பாலின்சார், பிரௌன் என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். சரளமாக வாசித்தும் பொருள் விளங்காமல் தடுமாறிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 20 நாள் பயிற்சி. பிள்ளைகள் வெகுவாக முன்னேறினார்கள். அதில் நான்கே வேலைகள். நம் ஊர்ப் பாடம் ஒன்றை வைத்தே காட்டுகிறேன். தலைப்பு: 'மணலுக்குள் ஓடும் ஆறு'.

"பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் ஆற்றில் மணலைத்தான் காணலாம். ஆயினும், மணலுக்கு அடியில் நீர் இருக்கிறது. எனவே, ஆற்றுப் படுகையில் கிணறு தோண்டி நீர் எடுக்கிறார்கள்."

முதல் வேலை, ஊகிப்பது. தலைப்பை மட்டும் காட்டி, "ஆறு எப்படி மணலுக்குள் ஓடும்? இதில் என்ன சொல்லப்போகிறார்கள்?" என்று கேளுங்கள். தப்பான ஊகமானாலும் பரவாயில்லை. ஊகித்த பிள்ளை, தன் ஊகம் சரியா என்று பார்க்கவாவது வாசிக்கும்.

இரண்டாவது, பிள்ளையே கேள்வி கேட்பது. ஆசிரியர் கொஞ்சம் நகர்ந்து உட்காரட்டும். ஒரு பிள்ளை ஆசிரியராகட்டும். புரியாதவனால் நல்ல கேள்வி கேட்க முடியாது. ஆகையால், பிள்ளை கேட்கும் கேள்வியே அதன் புரிதலை அளந்து காட்டிவிடும்.

மூன்றாவது, தடுக்கும் இடத்தைத் தெளிவாக்குவது. "படுகை" என்றால் என்ன? அகராதியை எடுக்கும் முன் முன்வரியையும் பின்வரியையும் பார்க்கச் சொல்லுங்கள். "ஆயினும்" எதற்கு வந்தது? அதை எடுத்துவிட்டு வாசித்தால் என்ன குறைகிறது?

நான்காவது, சுருக்கிச் சொல்வது. புத்தகத்தை மூடிவிட்டு, சொந்த வார்த்தையில், வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். "மேல பாத்தா மணலு, கீழ தண்ணி இருக்குது, அதான் அங்க கிணறு வெட்றாங்க" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைத் திருத்தாதீர்கள். முதுகில் தட்டிக் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. எழுத்து நடை பின்னால் வரும்.

கேள்விகளையும் மூன்று தினுசாகக் கேட்க வேண்டும். "எங்கே கடலில் கலக்கிறது?" என்பது வரியிலேயே கிடக்கும் விடை. "வறண்ட ஆற்றில் ஏன் கிணறு தோண்டுகிறார்கள்?" என்பது இரண்டு மூன்று வரியைக் கோத்து எடுக்கும் விடை. "மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டால் கிணறு என்னாகும்?" என்பது பாடத்தில் இல்லவே இல்லை, யோசித்துச் சொல்ல வேண்டும். முதல் தினுசோடு பரீட்சைத் தாள் நின்றுவிட்டால், பிள்ளையின் மூளையும் அங்கேயே நின்றுவிடும்.

இத்தகைய முயற்சி நம் மாநிலத்தில் நடக்காமலில்லை. 2000களின் பிற்பகுதியில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குப் 'படைப்பாற்றல் கல்வி' வந்தது. வாசிப்பது, மன வரைபடம் போடுவது, தொகுத்துச் சொல்வது என்று அதில் படிகள் வைத்தார்கள். 2023இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்கள் வெளியிட்டார்கள். 2025இல் ஆறு முதல் ஒன்பது வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 'திறன்' திட்டம் வந்தது. இவற்றை வரவேற்போம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மன வரைபடத்தையும் கரும்பலகையைப் பார்த்து நகலெடுக்கச் சொன்னால், அதுவும் குப்பரன் கதைதான்!

எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்ன செய்வாள்?

நிறையச் செய்யலாம், அம்மா. தினமும் பத்து நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மீன் ஆய்ந்துகொண்டே கேட்கலாம், வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். இரண்டே கேள்வி: "இதுல இன்னா சொல்லியிருக்குது?" "அது உனக்கு எப்படித் தெரியும், எந்த வரியில இருக்குது?" முதல் கேள்விக்குப் பிள்ளை சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். இரண்டாம் கேள்விக்குப் புத்தகத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அப்புறம் உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்லுங்கள். "புத்தகத்துல அப்படிப் போட்டிருக்கான், ஆனா நம்ம கடல்ல இப்படித்தான்" என்று வாதாடுங்கள். புத்தகத்தோடு வாதாடப் பழகிய பிள்ளையை எவனும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

நாம் கேட்க வேண்டியது

கடைசியாக, எல்லாவற்றையும் ஆசிரியர் தலையிலும் தாயின் தலையிலும் கட்டிவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைக் கட்டி மேய்த்துக்கொண்டு, நடுநடுவே புள்ளிவிவரமும் ஏற்ற வேண்டுமென்றால், பிள்ளையின் கேள்வியைக் கேட்க அவருக்கு ஏது காது? காலியிடங்களை நிரப்ப வேண்டும். எழுத்து வேலைக்குத் தனி ஆள் வேண்டும். பரீட்சைக் கேள்விகள் மாற வேண்டும். வாரத்தில் சில பாடவேளைகள், மார்க்கு இல்லாத வாசிப்புக்கென்று ஒதுக்கப்பட வேண்டும்.

நூலகம்? சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது நம் மாநிலம், 1948இல். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கிறார்கள். வரி கட்டும் மக்களுக்குப் புத்தகம் கேட்க உரிமை இல்லையா? ஒவ்வொரு கடலோரக் கிராமத்திலும் பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில், மாலையில் திறந்திருக்கும் நூலகம் வேண்டும். பீரோவில் பூட்டிய புத்தகம் கரையில் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி. எண்ணிக்கைக்கு உதவுமே தவிர, கடலுக்கு உதவாது.

செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். புது மாவட்டம், புதுக் கட்டடங்கள், கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் உல்லாச விடுதிகள். இந்த வளர்ச்சியில் நம் பிள்ளைகள் விடுதிக்குப் பெயர்ப் பலகை தூக்குகிறவர்களாக மட்டும் இருக்க வேண்டுமா? அந்தப் பலகைக்குப் பின்னாலுள்ள ஒப்பந்தத்தை வாசித்து, "இந்த வரி எங்களுக்குப் பாதகம், மாற்று" என்று சொல்கிறவர்களாக இருக்க வேண்டுமா? அதைத் தீர்மானிக்கிற இடம் ஆறாம் வகுப்பு. அங்கே பிள்ளை கேட்கும் முதல் "ஏன்?" என்ற கேள்விக்கு நாம் காது கொடுக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, நாளைக் காலையே தொடங்குங்கள். ஆசிரியர்கள் ஒரு பாடத்தை இந்த முறையில் நடத்திப் பாருங்கள். பெற்றோர்கள் அந்த இரண்டு கேள்விகளையும் இன்றிரவே கேட்டுப் பாருங்கள். நூலகத்துக்கான மனுவில் இந்தக் கூட்டம் கலைவதற்குள் கையெழுத்திடுங்கள். அதையும் வாசித்துப் பார்த்து, விளங்கிக்கொண்டு, பிறகே கையெழுத்திடுங்கள்!